ட்ரான்ஸ்ஃபர் அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி, ஒரு அப்பாவோட கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கலிஃபோர்னியால ஃப்ரீமான்ட்ல இருக்கேன். சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கத்துல ஒரு கடைமடை கிராமம். உங்க பேப்பரைத்தான் தினமும் காலைல காபியோட போன்ல படிக்கறேன், ஆனா கடிதம்னு எழுதறது இதுதான் முதல் தடவை. எழுத வச்சது என் தங்கச்சியோட போன் கால். கும்பகோணத்துல இருக்கா, அவ பொண்ணு ப்ளஸ் டூ படிக்குது. அங்க ஒரு கன்சல்டன்சில, பேர் வேண்டாம், "முதல்ல அமெரிக்கால ஏதாவது ஒரு காலேஜ்ல சேர்த்து விட்டுடுங்க, ஒரே வருஷத்துல ட்ரான்ஸ்ஃபர் போட்டு ஸ்டான்ஃபோர்ட், ஹார்வர்ட்னு உள்ள போயிடலாம், பின்வாசல் மாதிரி, ஒபாமாவே அப்படித்தான் போனாரு"ன்னு சொல்லி நாலு லட்சம் ஃபீஸ் கேட்டிருக்காங்க. மாப்பிள்ளை நகையை வச்சாவது கட்டிடலாம்னு நிக்கறாரு. இந்த ட்ரான்ஸ்ஃபர் விஷயத்துலயே ஒரு வருஷமா நான் தூங்காம கிடந்தவன், அதனால எனக்குத் தெரிஞ்சதை உங்க வாசகர்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமா இருந்தா மன்னிக்கணும்.

ஒபாமா ட்ரான்ஸ்ஃபர்ல போனது உண்மைதான், 1981ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கற ஆக்ஸிடென்டல் காலேஜ்ல இருந்து கொலம்பியாவுக்குப் போனாரு. ஆனா அது நாப்பது வருஷத்துக்கு முந்தின கதை. இன்னொரு கதையும் இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. பெரிய முதலீட்டாளர் வாரன் பஃபெட் பென்சில்வேனியா யுனிவர்சிட்டியோட பேர் பெற்ற பிசினஸ் ஸ்கூல் வார்ட்டன்ல படிச்சிட்டிருந்தவரு, அதை விட்டுட்டு சொந்த ஊர்ப்பக்கம் நெப்ராஸ்கா யுனிவர்சிட்டிக்கு ட்ரான்ஸ்ஃபர் வாங்கிட்டுப் போய் அங்கதான் டிகிரி முடிச்சாரு. பெரிய பேர்ல இருந்து சின்ன பேருக்கு.

என் வீட்டு விஷயத்துக்கு வரேன். என் பையன் ஹை ஸ்கூல் முடிச்ச வருஷம் எனக்கு வேலை போயிடுச்சு, எட்டு மாசம் வீட்டுல இருந்தேன். யூசின்னு சொல்ற கலிஃபோர்னியா அரசாங்க யுனிவர்சிட்டில அவனுக்கு பெர்க்லி, யூசிஎல்ஏ கேம்பஸ் எதுவும் கிடைக்கல, யூசி மெர்செட் கிடைச்சது. ஒரு நாள் சாயந்திரம் அவனே வந்து, "அப்பா நான் கம்யூனிட்டி காலேஜ் போறேன், ரெண்டு வருஷம் கழிச்சு ட்ரான்ஸ்ஃபர் பண்ணிக்கறேன்"ன்னு சொன்னான். கம்யூனிட்டி காலேஜ்னா பக்கத்துலயே இருக்கற, ஃபீஸ் கம்மியான ரெண்டு வருஷ அரசாங்கக் காலேஜ். காசு மிச்சம்ங்கற நிம்மதி ஒரு பக்கம், ஆனா உள்ளுக்குள்ள எனக்கு ரொம்ப அவமானமா இருந்துச்சு, அதை இப்ப மறைக்க விரும்பல. ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணி "பேரன் எந்தக் காலேஜ்ல சேர்ந்திருக்கான்"னு கேட்டப்ப "இங்க பக்கத்துலதாம்மா"ன்னு சொல்லிட்டு பேச்சை மாத்திட்டேன். பையன் அந்த ரூம்லதான் இருந்தான். தலையைத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி புஸ்தகத்துல குனிஞ்சிட்டான். அதை நினைச்சா இன்னிக்கும் மனசு கனக்குது.

நம்ம ஊர்ல பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை இங்க சொல்லணும். கலிஃபோர்னியால கம்யூனிட்டி காலேஜ்ல இருந்து யூசிக்குப் போறது பின்வாசல் இல்ல, 1960ல மாஸ்டர் ப்ளான்னு ஒண்ணு போட்டு அரசாங்கமே கட்டின ரோடு. ஸ்டேட்ல குடியிருக்கறவங்களுக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடங்களை எண்ணற அளவுக்கு, 46 டாலர்தான் ஃபீஸ், ட்ரான்ஸ்ஃபருக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர், புஸ்தகம் பஸ் எல்லாம் தனி. ரெண்டு ஃப்ரெஷ்மேன், அதாவது ஹை ஸ்கூல் முடிச்சு நேரா முதல் வருஷத்துல சேர்றவங்க, எடுத்தா ஒரு ட்ரான்ஸ்ஃபர் எடுக்கணும்னு யூசிக்கு ஒரு கணக்கே உண்டு. அந்த ட்ரான்ஸ்ஃபர் சீட்டும் யாரோ படிப்பை விட்டுப் போனதால காலியான சீட் இல்ல, மூணாவது வருஷத்துல சேர்றதுக்குன்னே ஒதுக்கி வச்ச சீட். ஹை ஸ்கூல்ல இருந்து நேரா யூசிஎல்ஏவுக்கு அப்ளை பண்றவங்கள்ல நூத்துக்கு ஒம்பது பேருக்குத்தான் கிடைக்குது, ட்ரான்ஸ்ஃபரா அப்ளை பண்றவங்கள்ல சுமாரா நாலுல ஒருத்தருக்குக் கிடைக்குது, அப்படிக் கிடைச்சவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்ல இருந்து வந்தவங்க.

இதுக்கு மேல டேக்னு ஒரு ஏற்பாடு இருக்கு, சேர்க்கை உத்தரவாதம்னு வச்சுக்கலாம். ஃப்ரெஷ்மேன் எடுக்கற ஒம்பது யூசில ஆறு இதுல இருக்கு, டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூணும் இல்ல. சொன்ன பாடங்களை முடிச்சு சொன்ன ஜிபிஏ, அதாவது மார்க் சராசரி, வச்சிருந்தா செப்டம்பர் மாசம் முழுக்க டைம், ஏதாவது ஒரே ஒரு கேம்பஸுக்கு டேக் போடலாம். சில மேஜருக்கு, அதாவது டிகிரியோட முக்கியப் பாடத்துக்கு, டேக் கிடையாது, அதை முன்னாடியே பாத்துக்கணும். எந்தக் காலேஜ்ல படிச்ச எந்தப் பாடம் எந்த யூசில எந்தப் பாடத்துக்குச் சமம்னு அசிஸ்ட்னு ஒரு வெப்சைட்ல வரி வரியா இருக்கு. இது எவ்வளவு பெரிய விஷயம்னு பிறகுதான் புரிஞ்சது. 2017ல அமெரிக்க அரசாங்கத்தோட தணிக்கை ஆபீஸ் ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, 2004ல இருந்து 2009 வரைக்கும் காலேஜ் மாறின பசங்க சராசரியா 43 சதவீதம் கிரெடிட்டைத் தொலைச்சிருக்காங்கன்னு. அதாவது படிச்ச பாடம் புது காலேஜ்ல கணக்குல வராது, மறுபடி காசு கட்டி மறுபடி படிக்கணும். கன்சல்டன்சிக்காரங்க இதைப் பத்தி வாயே திறக்கல, தங்கச்சியை ரெண்டு தடவை கேட்டுட்டேன்.

பையனுக்கு ஹைட்ராலஜி படிக்கணும்னு ஆசை, அதாவது தண்ணி படிப்பு, மழை, ஆறு, நிலத்தடி நீர் எல்லாம். முதல் வருஷம் ஜியாலஜி கிளாஸ்ல அலமேடா க்ரீக்குக்குக் கூட்டிட்டுப் போய் தண்ணி எவ்வளவு வேகமா ஓடுதுன்னு அளக்கச் சொன்னாங்களாம். ஆரஞ்சுத் தோலைப் பிச்சுப் போட்டு பத்து மீட்டர் தாண்ட எத்தனை செகண்டுன்னு போன்ல ஓட்டிப் பாத்து, ஆழம் அகலம் எல்லாம் அளந்து பெருக்கிக் கணக்கு போட்டிருக்கான். அன்னிக்கு ராத்திரி டைனிங் டேபிள்ல ஈர ஷூவைக் கூடக் கழட்டாம அதை எனக்குச் சொல்றான். கேட்டதும் எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. மேட்டூர் திறந்து எத்தனையோ நாள் கழிச்சுத்தான் எங்க ஊர் வாய்க்காலுக்குத் தண்ணி எட்டிப் பாக்கும், அப்பா மதகுகிட்ட நின்னு ஒரு பூவரச இலையைக் கிள்ளிப் போட்டு அது போற வேகத்தைப் பாத்துட்டு "இன்னிக்கு ராத்திரி நம்ம வயலுக்கு வந்துடும்"னு சொல்லுவாரு, பெரும்பாலும் வந்துடும். இதைச் சொன்னதும் பையன் சாப்பாட்டை நிறுத்திட்டு "தாத்தா இதையேதான் பண்ணியிருக்காரா"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டான்.

டேவிஸ்ல ஹைட்ராலஜின்னே தனி மேஜர் இருக்கு. அது பண்ணையில இருந்து வளந்த யுனிவர்சிட்டி, ஆரம்பத்துல பேரே யுனிவர்சிட்டி ஃபார்ம்தான், பாசனம் மண் பயிர்னு நூறு வருஷத்துக்கு மேல அதே வேலையா இருக்கற இடம். அவனோட ஜிபிஏவுக்கு டேக் போட்டா கிட்டத்தட்ட கையில வந்த மாதிரி. செப்டம்பர்ல அவன் ஃபார்மை நிரப்பிட்டு உக்காந்திருக்கான், நான் பின்னாடி நின்னுட்டு "டேவிஸ் சரி, அது இருக்கட்டும், ஸ்டான்ஃபோர்டுக்கும் போடு, ஐவி லீக்ல நாலஞ்சு போடு, போனா ஃபீஸ்தானே"ன்னு சொன்னேன். ஐவி லீக்னா ஹார்வர்ட், ப்ரின்ஸ்டன் மாதிரி பேர் பெற்ற எட்டு ப்ரைவேட் யுனிவர்சிட்டி. அவன் ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான், நான் சொன்ன அந்த இடங்களுக்கு, ஏன் மாற நினைக்கறே, இங்க வந்து என்ன பண்ணப் போறேன்னு எழுதற கட்டுரை. வெள்ளையா இருந்துச்சு. "நீங்களே சொல்லுங்கப்பா, என்ன எழுதறது, பெரிய பேருன்னு எழுதவா"ன்னு கேட்டான். கோவத்துல கேக்கல, நிஜமாவே கேட்டான். என்கிட்ட பதில் இல்ல.

அதுக்குப் பிறகுதான் நானே உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். ஸ்டான்ஃபோர்ட் மாதிரி இடங்கள்ல ஒரு தடவை உள்ள போன பசங்க வெளிய வர்றதில்ல, முதல் வருஷம் சேர்ந்தவங்கள்ல நூத்துக்கு 97, 98 பேர் அடுத்த வருஷமும் அங்கயேதான். அப்ப ட்ரான்ஸ்ஃபருக்கு சீட் எங்க இருந்து வரும்? தலைமடைக்காரங்க எல்லாரும் பாய்ச்சினது போக மிச்சம் வர்ற கடைமடைத் தண்ணி மாதிரிதான், சில வருஷம் வரும், சில வருஷம் வாய்க்கால் காஞ்சு கிடக்கும். 2008ல ஹார்வர்ட் தங்கறதுக்கு இடம் போதலன்னு ட்ரான்ஸ்ஃபரையே ரெண்டு வருஷம் நிறுத்தி வச்சாங்க. ப்ரின்ஸ்டன் 1990ல நிறுத்தினவங்க 2018லதான் மறுபடி ஆரம்பிச்சாங்க, அந்த வருஷம் அப்ளை பண்ணது 1,429 பேர், எடுத்தது 13 பேர், அதுவும் ராணுவத்துல இருந்தவங்க, வசதி இல்லாத வீட்டுப் பசங்க, கம்யூனிட்டி காலேஜ் பசங்க, இவங்களுக்கு முன்னுரிமைன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. ஸ்டான்ஃபோர்ட்ல நூத்துக்கு சுமாரா ரெண்டு பேர், சில வருஷம் அதுக்கும் கம்மி. பின்வாசல்னா முன்வாசலை விட அகலமா இருக்கணும் இல்லையா, இங்க முன்வாசலை விடக் குறுகலா இருக்கு. எல்லா ப்ரைவேட்டும் இப்படின்னு சொல்லிட முடியாது, கார்னெல், யுனிவர்சிட்டி ஆஃப் சதர்ன் கலிஃபோர்னியா ரெண்டும் நிறைய ட்ரான்ஸ்ஃபர் எடுக்கறாங்க. அதனாலதான் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியா பாக்கணும்ங்கறேன், ஐவி லீக்னு மொத்தமா ஒரே கூடைல போட்டுப் பேசக் கூடாது.

வேலையும் கொஞ்சநஞ்சம் இல்ல. யூசிக்கு சிபாரிசு லெட்டர் வேண்டாம், நாலு கேள்விக்கு, ஒவ்வொண்ணுக்கும் 350 வார்த்தைக்குள்ள, பதில் எழுதணும், அதுல ஒண்ணு உன் மேஜருக்கு எப்படித் தயாரா இருக்கேன்னு எல்லாரும் கட்டாயமா எழுத வேண்டியது. ப்ரைவேட் யுனிவர்சிட்டின்னா பெரும்பாலும் இப்ப படிக்கற காலேஜ்ல பாடம் எடுத்த ரெண்டு பேராசிரியர்கிட்ட லெட்டர் வாங்கணும், ஹை ஸ்கூல் மார்க்கெல்லாம் மறுபடி அனுப்பணும், இந்த செமஸ்டர்ல இதுவரைக்கும் என்ன மார்க்குன்னு நடுவுல ஒரு ஃபார்ம் வேற. ஒரே வருஷத்துல மாறணும்னா முதல் செமஸ்டர் முடிஞ்ச கையோட லெட்டர் கேக்கணும், முன்னூறு பேர் கிளாஸ்ல உக்காந்திருக்கற பிள்ளையோட பேர் அதுக்குள்ள எந்தப் பேராசிரியருக்குத் தெரியும்? என் ஃப்ரெண்டோட பொண்ணு ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில சேர்ந்த முதல் நாள்ல இருந்தே ட்ரான்ஸ்ஃபர் நினைப்புலயே இருந்துச்சு. எப்படியும் போயிடப் போறோமேன்னு ஒரு கிளப்ல சேரல, ரூம் மேட்கிட்ட நெருங்கிப் பழகல, சாயந்திரமெல்லாம் கட்டுரை எழுதறதுதான் வேலை. மே மாசம் ஏழு இடத்துல இருந்தும் இல்லைன்னு வந்துடுச்சு. ரெண்டாவது வருஷம் ஆரம்பிக்கறப்ப அந்தப் பிள்ளைக்கு அந்தக் கேம்பஸ்ல கூட உக்காந்து சாப்பிட ஒரு ஆள் இல்ல. இப்ப பரவால்ல, ஆனா அந்த ஒரு வருஷம் போனது போனதுதான்.

பெரிய பேருக்கு மதிப்பே இல்லைன்னு நான் சொல்ல வரல. 2002ல ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள், ஒரே மாதிரி திறமை, ஒரே மாதிரி இடங்களுக்கு அப்ளை பண்ண பசங்களை ஒப்பிட்டுப் பாத்தாங்க, பெரிய காலேஜ்ல படிச்சவங்களுக்கும் அடுத்த படி காலேஜ்ல படிச்சவங்களுக்கும் சம்பளத்துல பெரிய வித்தியாசம் இல்லைன்னு வந்துச்சு, வசதி இல்லாத குடும்பத்துப் பசங்களுக்கு மட்டும் வித்தியாசம் இருந்துச்சு. 2023ல ராஜ் செட்டிங்கற பொருளாதார அறிஞரும் கூட ரெண்டு பேரும் போட்ட ஆராய்ச்சில, பெரிய பேர் காலேஜ்ல படிச்சா சராசரி சம்பளம் பெருசா ஏறலன்னாலும் உச்சத்துல இருக்கற ஒரு சதவீத வருமானத்துக்குப் போற வாய்ப்பு பாதிக்குப் பாதி கூடுது, பேர் பெற்ற கம்பெனில வேலை கிடைக்கற வாய்ப்பு மூணு மடங்கு ஆகுதுன்னு வந்திருக்கு. ரெண்டையும் படிச்சேன். ரெண்டுமே ட்ரான்ஸ்ஃபர் பசங்களைப் பத்தினது இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சு நடுவுல போய்ச் சேர்றவனுக்கு அங்க உருவாகற நட்பும் தொடர்பும் முழுசா கிடைக்குமான்னு அதுல இருந்து சொல்ல முடியாது. வால் ஸ்ட்ரீட் போகணும்னு இருக்கற பிள்ளைக்கு நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன். ஆத்துல தண்ணி அளக்கப் போறவனுக்கு எது வேணும்னுதான் நான் பாக்கணும்.

கடைசில எங்க வீட்ல ஒரு முடிவுக்கு வந்தோம், என் மனைவிதான் வழி சொன்னா. அவன் கட்டுரைல நேர்மையா நாலு வரி எழுத முடியற இடத்துக்கு மட்டும் போடட்டும், எழுத முடியலன்னா அந்த இடம் வேண்டாம்னு சொன்னா. அப்படிப் பாத்தப்ப டேவிஸ் டேக் அப்படியே நின்னுச்சு. பெர்க்லி வேணும்னு அவனே சொன்னான். அங்க ஹைட்ராலஜின்னு தனி மேஜர் இல்ல, என்விரான்மென்டல் சயின்ஸ்லதான் சேரணும், ஆனா தண்ணி சட்டம், தண்ணி பங்கீடு இதெல்லாம் அங்க படிக்கலாம்னு காரணம் சொன்னான், சொல்லும்போதே முகம் தெளிவா இருந்துச்சு. சான்டா பார்பராவும் அதே மாதிரி ஒரு காரணத்தோட சேர்ந்துச்சு. ஸ்டான்ஃபோர்டுக்கும் மத்த ப்ரைவேட்டுக்கும் போடல. கம்ப்யூட்டர் சயின்ஸ்னு போடச் சொல்லி ரெண்டு பேர் சொன்னாங்க, இன்னொருத்தர் ஈஸியான மேஜர்ல உள்ள போய் அப்புறம் மாத்திக்கலாம்னு சொன்னாரு. பெர்க்லில ட்ரான்ஸ்ஃபரா போனவங்க கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறுறது நடக்காத காரியம்னே சொல்லலாம், அதை நம்பி யாரும் இறங்கிட வேண்டாம்.

தங்கச்சி பொண்ணு விஷயம் வேற கணக்கு. இந்தியால இருந்து வர்ற பிள்ளைக்கு 46 டாலர் ஃபீஸ் கிடையாது, பல மடங்கு கூட. யூசில சேர்ந்தா வெளி ஆளுங்கறதுக்காக சாதாரண ஃபீஸுக்கு மேல வருஷத்துக்கு 30,000 டாலருக்கு மேல தனியா கட்டணும். ஸ்டான்ஃபோர்ட்ல வெளிநாட்டுப் பிள்ளைங்க உதவித்தொகை வேணும்னு கேட்டா அதையும் கணக்குல வச்சுத்தான் எடுக்கறதா வேண்டாமான்னு பாக்கறாங்க. இதையெல்லாம் மாப்பிள்ளைகிட்ட ஒரு மணி நேரம் பொறுமையா சொன்னேன். நாலு வருஷமும் அங்கயே படிச்சு முடிச்சா சந்தோஷமா இருக்கும்னு பிள்ளை நினைக்கற ஒரு இடம் கிடைச்சா மட்டும் அனுப்புங்க, மாறிக்கலாம்ங்கற நம்பிக்கைல ஒரு ரூபா கூட கட்டாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். பொண்ணுகிட்டயும் பேசினேன். அது என்ன படிக்கணும்னு ஆசைப்படுதுன்னு அந்தக் கன்சல்டன்சில ஒருத்தர் கூடக் கேக்கலயாம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கணும்னு சொல்லுது. சென்னைலயும் கல்கத்தாலயும் அதுக்கு நல்ல இடம் இருக்கே, முதல்ல அதைப் பாப்போம்னு சொல்லியிருக்கேன்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க கல்விப் பக்கத்துல எந்த யுனிவர்சிட்டி எத்தனையாவது ரேங்க்னு போடறீங்க, அதுக்குப் பக்கத்துலயே அந்த வருஷம் அவங்க எத்தனை ட்ரான்ஸ்ஃபர் எடுத்தாங்கங்கற எண்ணையும் போடுங்க. பெரும்பாலான யுனிவர்சிட்டி காமன் டேட்டா செட்னு ஒரு ஃபைல் வருஷா வருஷம் வெளியிடறாங்க, அதுல எத்தனை பேர் அப்ளை பண்ணாங்க, எத்தனை பேருக்குக் கிடைச்சது, எத்தனை பேர் சேர்ந்தாங்கன்னு ட்ரான்ஸ்ஃபருக்குன்னே தனியா ஒரு பகுதி இருக்கு, யாரும் காசு குடுத்து வாங்க வேண்டியதில்ல. அது அச்சுல வந்துட்டா மாப்பிள்ளை மாதிரி ஆளுங்க கன்சல்டன்சி வாசல்லயே பேப்பரை நீட்டிக் கேள்வி கேப்பாங்க.

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்குப் பையன் யூசி அப்ளிகேஷனை அனுப்பினான், மூணு கேம்பஸ், ஒவ்வொண்ணுக்கும் 80 டாலர். அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு பதிலை எனக்குப் படிச்சுக் காட்டினான், அதுல பூவரச இலை இருந்துச்சு, பூவரசுன்னே எழுதியிருந்தான். ஏப்ரல் கடைசில ரிசல்ட் வரும், ஜூன் 1க்குள்ள எங்க போறான்னு சொல்லிடணும். மறுநாள் காலைல அம்மாவுக்கு நானே போன் பண்ணேன், பேரன் கம்யூனிட்டி காலேஜ்ல படிக்கறான், அங்க இருந்து தண்ணி படிப்புக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கான்னு முழுசா சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "மேட்டூர்ல எத்தனை அடி இருக்கு, நம்மூருக்கு எப்ப வரும்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி படிப்பா"ன்னு கேட்டாங்க. ஆமாம்மா, அதேதான்னு சொன்னேன். போனை அவன்கிட்ட குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன், ரெண்டு பேரும் அரை மணி நேரம் பேசினாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா